முதுகில் பாக்கெட்

சின்னக் கணவாயை நான் சைக்கிள் சீட்டை விட்டு எழும்பாமலே ஏறி முடித்தேன்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பனியனின் முன்பக்கத்தில் மூன்று பாக்கெட். ஒன்றில் தண்ணீர் பாட்டில், ஒன்றில் வாழைப்பழம், ஒன்றில் என் சில்லறை பர்ஸ். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

“ஏனுங்க, ஒண்ணாவது உழுந்துச்சா? நல்லாப் பாத்துக்குங்க!” என்று பின்னால் பார்த்துக் கத்தினேன்.

“பெரிய கணவாய் இன்னும் இருக்குதே மருதா” என்றார் அவர்.

அவர் என்றால் சென்னிமலை. எங்கள் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். என்னைக் கட்டினவரும் அவர்தான்.

மலையேறுகிற சைக்கிள்காரர்களுக்குப் பனியன் வேண்டுமென்று வெளிநாட்டிலிருந்து ஓர் ஆர்டர் வந்திருந்தது. ஆர்டர் கொடுக்கும் பையர் அனுப்பிய படத்தில் மூன்று பாக்கெட்டும் முதுகில் இருந்தன.

முதுகில் எவனாவது பாக்கெட் வைப்பானா? வரைந்தவன் தூக்கக் கலக்கத்தில் முன்னையும் பின்னையும் மாற்றிவிட்டான் என்று பார்த்ததுமே சொன்னேன். பத்தொன்பது வருஷமாகச் சாம்பிள் தைக்கிறவள் நான். போன வருஷம் ஒரு பையர் குழந்தைச் சட்டைக்குத் தலை நுழையாத கழுத்தளவை அனுப்பினான். அதைக் கண்டுபிடித்து அவனையே மன்னிப்புக் கேட்க வைத்தேன். அதனால் முதலாளி ஞானசம்பந்தம் என் பேச்சைத் தட்டமாட்டார். பாக்கெட்டை முன்னால் வைத்துத் தைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கும் ஒரு தடவை போட்டுக்கொண்டு மேடு ஏறிப் பார்த்துவிடலாமே என்றார். அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து நீ சொன்னது தப்பு என்று அவர் சொன்னதே இல்லை. சொல்ல நான் எங்கே விட்டேன்?

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, சேலைக்கு மேல் பச்சைப் பனியனை மாட்டிக்கொண்டு லேடீஸ் சைக்கிளில் வந்திருந்தேன். தினமும் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு மெஷினில் உட்காருகிற எங்களுக்கு இதில் என்ன கூச்சம்?

அவரை முன்னே போகச் சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினார். வேகாத வெயிலில் முழுக்கைச் சட்டைக்குக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்தால் மேடு எப்படி ஏறும்? பாவம், மனுசனுக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாளைக் காலை முதல் கூரியரில் சாம்பிள் போக வேண்டும். பையருக்குப் பிடித்தால் எட்டு மாதத்துக்கு வேலை. பிடிக்காவிட்டால் பதினாலு மெஷினில் ஏழு மெஷினைத் தூக்கிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

துணி இரண்டு பீசுக்குத்தான் வந்தது. ஒன்று பையருக்கு, ஒன்று கம்பெனியில் வைத்துக்கொள்ள. ஒன்று என் மேல் இருந்தது. இன்னொன்றையும் இதே மாதிரி தைக்கச் சொல்லி, நேற்று மத்தியானம் இவர் கையில் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டேன்.

பெரிய கணவாய் வந்தது.

முதல் வளைவில் சீட்டை விட்டு எழுந்து, ஹேண்டில்பாரின் மேல் குனிந்து மிதித்தேன். தொடை வந்து பாக்கெட்டை முட்டியது. பாட்டில் துள்ளி விழுந்து உருண்டது.

“கல்லு தட்டிருச்சுங்க!” என்றேன்.

அவர் இறங்கிப் பொறுக்கிக்கொண்டார்.

இரண்டாவது வளைவில் வாழைப்பழம் விழுந்தது. என் பின்சக்கரமே அதன் மேல் ஏறி நசுக்கியது. பத்தடி தள்ளி பர்ஸும் போய், சில்லறை ரோடெல்லாம் சிதறியது.

இப்போது கல்லைச் சொல்ல முடியாது.

குனிந்து மிதிக்கிறவனுக்குத் தொடை முட்டாத இடம் முதுகு ஒன்றுதான். வரைந்தவன் தூங்கவில்லை.

இந்தத் துணியில் ஊசி இறங்கினால் இறங்கினதுதான். பிரித்தால் வரிசையாக ஓட்டை தெரியும். இரண்டு பீசும் போச்சு. என் வாய்க்கொழுப்பால் ஏழு பேர் பிழைப்பில் மண் விழப்போகிறது.

இறங்கித் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. தையலில் தப்புப் பண்ணினால் மேடு ஏறத் தெரியாதவள் ஆகிவிடுவேனா? உச்சி வரைக்கும் மிதித்தேன்.

அவர் வந்து சேர்ந்தார். பாட்டிலையும் பர்ஸையும் நீட்டினார்.

“நாந்தான் தப்புப் பண்ணிட்டேனுங்க” என்றேன். கல்யாணமாகி முதல் தடவை.

அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டார். சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே அதே பச்சைப் பனியன். முன்பக்கம் வெறுமையாக இருந்தது.

மெதுவாகத் திரும்பி நின்றார்.

முதுகில் மூன்று பாக்கெட். நடுவில் ஒரு வாழைப்பழம், நசுங்காமல்.

அடப்பாவி மனுசா! முதுகு புடைத்திருப்பதை நான் பார்த்துவிடக்கூடாது என்றுதான் இரண்டு கணவாயும் பின்னாலேயே வந்திருக்கிறார்.

மெஷினில் உட்கார்ந்தே பழக்கமில்லாதவர். கையில் கத்தரி பிடித்துத்தான் பழக்கம். தையல் நேராகத்தான் ஓடியிருந்தது. முனைக்கு முனை மட்டும் நூல் பிசிறு தொங்கியது. பொய் சொல்வானேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பழத்தை உருவி உரித்து, பாதியை அவரிடம் கொடுத்தேன். மீதியை வாயில் போட்டுக்கொண்டேன்.

“பையருக்குப் போற பீசை இப்படி வேர்வையில நனைச்சு வெச்சிருக்கறீங்களே. ஊட்டுக்குப் போனதும் அலசிக் காயப்போடோணும். கொஞ்சம் அசையாம நில்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தை விட்டு இறங்காத நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்து, அவர் முதுகில் ஒவ்வொரு பிசிறாக வெட்ட ஆரம்பித்தேன்.