தொட்டிலுக்கு ஈடு

ஒரு தொட்டிலுக்காக நான் ஈரோடு பொருள் மாற்று நிலையத்துக்கு அலைந்தது அது ஐந்தாவது தடவை.

"பழசை ஒப்படைச்சாத்தானுங்க புதுசு. என்ன கொண்டாந்திருக்கீங்க?" என்றார் கவுன்ட்டரில் இருந்த அம்மா.

"அடுத்த மாசம் பிறக்கப்போற குழந்தைங்க. அதுகிட்ட என்னங்க பழசு இருக்கும்?"

"இருக்கற பொருளைத்தானுங்க உருக்கி உருக்கிப் புதுசு பண்றோம். குழந்தைக்கும் அதே சட்டந்தான்."

எங்கள் வீட்டில் தினமும் புழங்காத சாமான் ஒன்றுகூடக் கிடையாது. இதையும் நாலு தடவை சொல்லியாகிவிட்டது. அவர் திரையில் எங்கள் வீட்டுப் பட்டியலைத் திறந்தார்.

"கட்டில் ஒண்ணு இருக்குதுங்களே? தொட்டிலுக்குத் தாராளமாப் போதும்."

"அதுல எங்கப்பா படுத்திருக்காருங்க. ரெண்டு வருசமா எந்திரிக்க முடியல."

"வயசு?"

"எண்பத்தொண்ணு."

"அப்புறமென்னங்க, முன்பதிவு போட்டுடறேன். கட்டில் காலியானதும் தொட்டில் வீட்டுக்கே வந்துடும்."

உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார். எனக்கு அந்த மேசையைக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. வேண்டாம் என்று நான் கத்துவதற்குள் பதிந்துவிட்டார்.

இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. நேற்று மனைவி துளசிமணிக்கு முடியவில்லை என்று வேலைக்குப் போகாமல் இருந்தேன். காலை ஒன்பது மணிக்கு, அப்பாவின் தலைமாட்டில் இருக்கும் வீட்டு போன் அடித்தது. அவரே எடுத்தார்.

"இன்னைக்கும் காலியாகலீங்க," என்றார் அப்பா, தினமும் பேசிப் பழகிய குரலில். "குழந்தை பிறக்கறதுக்குள்ள எப்படியாச்சும் பாக்கறேனுங்க."