சேராத குழாய்கள்

எட்டு வாரக் கருவைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார் டாக்டர் நசீமா.

"கணையத்துல ரெண்டு குழாயும் இந்நேரம் ஒண்ணா சேந்திருக்கணும். உங்க பிள்ளைக்குச் சேரல. இப்பவே ஊசியால சேத்துடலாம். ஆனா நூத்துல ரெண்டு கரு தங்காது."

"அப்படியே விட்டா?" என்றாள் செல்வராணி.

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. நூத்துல அஞ்சு பேருக்கு வயித்துவலி வரும்."

அவள் கணவன் இருதயராஜுக்கும் குழாய்கள் சேரவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து வலி வரும்போதெல்லாம் தரையில் சுருண்டு கிடப்பவன். அவன் ஊசியைத்தான் கேட்பான் என்று நினைத்தாள்.

பக்கத்தில் இருந்த அவன் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினான்.

"வலிச்சா எப்படிப் படுக்கணும், எதச் சாப்பிடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும் ராணி. பிள்ள வரட்டும். நான் சொல்லிக் குடுத்துக்கிறேன்."

அவள் ஊசிக்கான ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்திடாமல் டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தாள்.