அம்புக்குறிக்கு எதிரே

நாற்பது வீடுகளோடு தொடங்கிய முதியோர் குடியிருப்பில் இப்போது ஒன்பது அடுக்குமாடிகள். காலை நடைக்கு வருகிறவர்கள் முட்டிக்கொண்டு விழுகிறார்கள் என்று நடைபாதையில் வெள்ளை அம்புக்குறிகள் வரைந்த கமிட்டி, இனி எல்லோரும் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும் என்றது. கமலவேணியும் ஒரு வருடமாக அப்படியே நடந்தாள்.

போன திங்கட்கிழமை லிஃப்ட் பக்கத்துப் பலகையில், இறந்துபோன ஒருவரின் படம் ஒட்டியிருந்தது.

"யாருங்க இது? நான் பார்த்ததே இல்லையே," என்றாள்.

"தினமும் உங்களுக்கு முன்னால நடந்து போவாரேங்க, பச்சை மஃப்ளர் கட்டிக்கிட்டு," என்றார் காவலாளி.

அந்த மஃப்ளரை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதன் ஓரத்தில் பிரிந்து தொங்கிய நூலைக்கூடத் தெரியும்.

மறுநாள் காலையில் அவள் அம்புக்குறிகளுக்கு எதிராக நடக்கத் தொடங்கினாள். முதுகுகள் போய், நெற்றிகளும் கண்ணாடிகளும் பல்செட்டுகளும் அவளை நோக்கி வந்தன. சிலர் முறைத்தார்கள். ஒருவர் வைதுகொண்டே ஒதுங்கினார். கைத்தடியோடு வந்த ஒருத்தி மட்டும் சிரித்தாள். கமிட்டிச் செயலாளர் ரங்கதுரை மூச்சிரைக்க அவள் பின்னால் ஓடிவந்தார்.

"அம்மா, திரும்புங்க! ஊரே ஒரு பக்கம் போறப்ப நீங்க மட்டும் இப்படி வந்தா எப்படிங்க?"

கமலவேணி நடையை நிறுத்தவில்லை.

"பொறத்தால நின்னு கத்தாதீங்க, முன்னால வாங்க. உங்க மூஞ்சியையும் நான் பலகையிலதான் பாக்கோணுமா?"