நாற்பதாவது இடம்

"கொழுப்புல இருந்து எலும்பு வளருமா மேடம்? யாரை ஏமாத்தறீங்க?"

முனிவேல் கட்டிலில் உட்கார்ந்தபடியே சத்தம் போட்டார். வார்டே திரும்பிப் பார்த்தது.

டாக்டர் சுசித்ரா பொறுமையாகச் சொன்னார். "இடுப்பெலும்பு மஜ்ஜை, வயிற்றுக் கொழுப்பு, கடைவாய்ப் பல். மூணுலயும் ஸ்டெம் செல் இருக்கு. எதுல இருந்து எடுத்தா உடைஞ்ச எலும்பு நல்லா வளருதுன்னு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி. உங்களுக்குச் சீட்டுக் குலுக்கல்ல கொழுப்பு வந்திருக்கு."

"எனக்கு மஜ்ஜைதான் வேணும்."

"அவங்கவங்க கேட்டதைக் கொடுத்தா அது ஒப்பீடே இல்லைங்க."

பக்கத்துக் கட்டில் சென்னகிருஷ்ணன் சிரித்தார். "யோவ், உன் வயித்தை வெச்சு இந்த வார்டுக்கே எலும்பு வளக்கலாம்யா!"

"உன் வேலையப் பாருய்யா!"

முனிவேல் ஓசூர் சிப்காட்டில் பிரஸ் ஆபரேட்டர். ஜூஜுவாடி அருகே பைக்கிலிருந்து விழுந்து முறிந்த கால் எலும்பு, எட்டு மாதமாகியும் கூடவில்லை. இந்த ஆராய்ச்சியில் நாற்பது பேருக்குத்தான் இடம். சிகிச்சை இலவசம். நாற்பதாவது ஆள் அவர்.

"அப்ப நான் விலகிக்கறேன்."

"விலகினா வழக்கமான ஆபரேஷன்தான். இடுப்பெலும்பைச் செதுக்கி எடுத்துக் கால்ல வைக்கணும். ரெண்டு இடத்துல காயம். வலி தாங்கணும்."

"செதுக்கட்டும். நான் பெர்மனென்ட். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கு. உங்க ஓசி வைத்தியம் எனக்கெதுக்கு?"

நர்ஸ் ஜெயப்ரியாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஓசியா? இந்த இடத்துக்கு எத்தனை பேர் அலையறாங்க தெரியுமா? அடுத்து வரிசையில நிக்கற பொண்ணு காண்ட்ராக்ட் வேலை. ஈ.எஸ்.ஐ. கூடக் கட்டாத காண்ட்ராக்டர். வேன்ல இருந்து விழுந்து உடைஞ்ச கால் இன்னும் கூடலை. இடம் இல்லைன்னு சொன்னப்ப இதே வாசல்ல அழுதுட்டுப் போச்சு."

"அது அவ பாடு, உங்க பாடு. எங்க கையெழுத்துப் போடணும்?"

"நல்லா யோசிச்சீங்களா? திரும்பி உள்ள வர முடியாது" என்றார் டாக்டர்.

"யோசிச்சாச்சு."

கையெழுத்துப் போட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பின்பக்க லிஃப்டை நோக்கி நடந்தார்.

"கொழுப்பு வேணாம்னாரு. இருக்கறதெல்லாம் அதுதான்" என்று முணுமுணுத்தாள் ஜெயப்ரியா.

"விடு. அடுத்த ஆளுக்குப் போன் பண்ணு."

"அந்தப் பொண்ணு சுமலதாதான், மேடம். ஊரு நாட்றாம்பாளையம். மலையிலிருந்து பஸ் புடிச்சு இன்னிக்கு வந்து சேர்றது கஷ்டம்."

போனை எடுத்துக்கொண்டு முன்பக்கக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். வெளியே பெஞ்சில், இரண்டு ஊன்றுகோல்களையும் மடியில் போட்டுக்கொண்டு சுமலதா உட்கார்ந்திருந்தாள்.

"நீ எப்படிம்மா இங்க? நாங்க இன்னும் கூப்பிடவே இல்லையே!"

"எங்க கம்பெனி முனிவேல் அண்ணன் நேத்தே போன் பண்ணாரு சிஸ்டர். நாளைக்கு ஒரு இடம் காலியாகும், மொத பஸ்ஸைப் புடிச்சு வந்து உக்காந்துக்கன்னாரு" என்றாள் சுமலதா. "பாவம், யாரு சிஸ்டர் வேணாம்னு போனது?"