மூன்று கிலோ மிளகாய்த்தூள்

"மூணு கிலோ மிளகாய்த்தூளை ஸ்வீடனுக்குத் தூக்கிட்டுப் போகணுமாம். கேக்கறவருக்குக் கூச்சமே இருக்காதா?"

சிட்னியில், செவன் ஹில்ஸ் வீட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டே கல்யாணி பொரிந்து தள்ளினாள். கணவர் கோபாலகிருஷ்ணன் வழக்கம்போல் காதில் விழாதவர் மாதிரி பெட்டியின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்சலைக் கொடுத்தவர் ஸ்ரீகாந்தன். இரண்டு வீடு தள்ளி வாடகைக்கு இருக்கிறார். ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. இலங்கையிலிருந்து படகில் வந்து, பதிமூன்று வருஷமாகத் தற்காலிக விசாவிலேயே காலம் தள்ளுகிறார். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. ஸ்வீடனில் இருக்கும் அக்காவும் இங்கே வர இரண்டு முறை விசா கேட்டுப் பார்த்துவிட்டார், கிடைக்கவில்லை. அதனால் தெரிந்தவர் யாராவது ஐரோப்பா டூர் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், மனிதர் பார்சலோடு வந்து நிற்பார்.

"தபால்ல அனுப்பலாமே" என்று கல்யாணி வாசலில் நின்றபடியே கேட்டும் பார்த்தாள்.

"தபாலில அனுப்பினா அக்கா கோவிப்பா" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அவருடைய அக்காவுக்குக் கோபம் வரக்கூடாது என்பதற்காக நம்முடைய துணிமணியெல்லாம் காரநெடி அடிக்க வேண்டுமா என்பது கல்யாணியின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

ஸ்டாக்ஹோமில் அவர்களுக்கு ஒரே ஒரு நாள்தான் ஓய்வு கிடைத்தது. டூரில் வந்த மற்றவர்கள் அரண்மனைக்கும் கடைவீதிக்கும் கிளம்பினார்கள். பார்சலை ஹோட்டல்காரர்களிடம் கொடுத்து அனுப்பச் சொல்லிவிடலாமா என்று கல்யாணி கடைசியாக ஒரு முறை கேட்டாள்.

"நேர்ல குடுக்கறேன்னு சொல்லித்தானே வாங்கினோம்" என்றார் கோபாலகிருஷ்ணன். அத்தோடு பேச்சு முடிந்தது.

அந்த அக்கா இருக்கும் ஊருக்கு ஃபெரியில் ஒரு மணி நேரப் பயணம். அலையே இல்லாத தண்ணீர். வழியெல்லாம் சின்னச் சின்னத் தீவுகள், அவற்றில் சிவப்பு மரவீடுகள். கோபாலகிருஷ்ணன் மேல்தளத்தில் நின்று ஆசை ஆசையாய்ப் பார்த்துக்கொண்டு வந்தார். கல்யாணி கீழேயே உட்கார்ந்து, டூரில் கூட வந்த ஹரிப்பிரியா வாட்ஸப்பில் போட்ட அரண்மனைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வயிறெரிந்தாள்.

போய் இறங்கிய துறைமுக ஊரில் ஈ காக்கை இல்லை. கட்டிப் போட்டிருந்த நாலைந்து படகுகள், பூட்டிக் கிடந்த ஒரு ஐஸ்கிரீம் கடை. இதற்கா அரண்மனையை விட்டுவிட்டு வந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

துறையில் ஸ்ரீகாந்தனின் அக்கா நாகபூசணி காத்திருந்தார். அந்த ஊர் முதியோர் இல்லத்தில் வேலை, அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கோபாலகிருஷ்ணன் நீட்டிய பார்சலைக்கூட வாங்காமல் கல்யாணியின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டவர், வீடு வந்து சேரும் வரை விடவில்லை.

வீட்டில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தயாராக இருந்தன. இவர்கள் சைவம் என்று தம்பி முன்கூட்டியே சொல்லிவிட்டாராம். சாப்பிட உட்கார்ந்ததும் கேள்விகள் ஆரம்பித்தன. தம்பி மெலிந்துவிட்டானா, முடி கொட்டிவிட்டதா, கடைசியாக எப்போது பார்த்தீர்கள், அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தான்.

தினம் வீடியோவில் பேசுகிறவருக்கு இதெல்லாம் தெரியாதா என்று கல்யாணிக்கு எரிச்சலாக இருந்தது. கேட்டும்விட்டாள்.

"போனில எப்பவும் தொப்பியோடதான் வருவான். சாப்பிட்டியோ எண்டா ஓம் எண்டுவான். அவன் சொல்லுறதை நம்பேலாது, பிள்ளை. நீங்கள் சொல்லுங்கோ."

இரண்டு வீடு தள்ளி இருக்கிறவரின் முகத்தை அவள் ஒரு நாளும் சரியாகப் பார்த்ததில்லை. கோபாலகிருஷ்ணன்தான் காப்பாற்றினார். காதோரம் நரைத்திருக்கிறது, உடம்பு திடமாகத்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கில் வாலிபால் ஆடுகிறார் என்று அவர் சொல்லச் சொல்ல, நாகபூசணி சாப்பிடுவதையே மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீர் எடுக்கக் கல்யாணி சமையலறைக்குப் போனாள். தம்ளர் தேடி அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே வரிசையாக மிளகாய்த்தூள் பாக்கெட்டுகள். எல்லாம் அவள் சுமந்து வந்த அதே கம்பெனி. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. முன்னால் இருந்தது கெடு தேதி தாண்டி இரண்டு வருஷமாகியிருந்தது. அடுப்புப் பக்கத்தில் பிரித்து வைத்திருந்த பாக்கெட்டும் அதே கம்பெனிதான், ஆனால் அதன் மேல் ஸ்டாக்ஹோம் கடையின் விலைச்சீட்டு.

கல்யாணிக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே சாப்பாட்டு மேசைக்கு வந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது இங்கயே கிடைக்குது. வந்ததெல்லாம் பிரிக்காமக் கிடக்கு. அப்புறம் எதுக்கு எங்களைச் சுமக்க வச்சீங்க?"

கோபாலகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நாகபூசணி கொஞ்சமும் சங்கடப்படவில்லை. பாக்கெட்டை வாங்கி மேசையில் வைத்தார். மறுபடியும் கல்யாணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம், பிள்ளை. தூள் இஞ்ச தாராளமாக் கிடைக்கும். நான்தான் அவனைக் குடுத்துவிடச் சொல்லுறனான். அவன் வரேலாது, நான் போகேலாது. சும்மா வந்து என்னைப் பாத்திட்டுப் போங்கோ எண்டா ஆர் இவ்வளவு தூரம் வருவினம்? போன கிழமை என்ர தம்பியை நேரில கண்ட கண்ணை, பாசல் இல்லாட்டி நான் எப்பிடிக் காணுறது?"