பல்லி விழுந்த படம்

தணிகாசலம் ஒரு பழைய பெரிய பெட்டிக் கேமராவை ஆசையோடு வாங்கி வந்தார். லென்ஸுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக இருந்த அதன் தோல் துருத்திக்குள் ஒரு பல்லி குடியிருந்தது. அவர் பித்தளையைத் துலக்கினார், லென்ஸைத் துடைத்தார், துருத்தியின் ஓட்டைகளை ஒட்ட ஆரம்பித்தார்.

"அண்ணே, என் வாசலையும் அடைக்கப் போறாரே!" என்று கேமராவிடம் பதறியது பல்லி.

"வெளிச்சம் புகுந்தா எனக்குப் படம் கெட்டுப்போகும். நீ கிளம்பு. இனிமே பெரிய மனுஷங்க என் முன்னால உட்காரப் போறாங்க" என்றது கேமரா.

பல்லி அழுதுகொண்டே கூரைக்கு ஏறியது.

முதல் படத்துக்கு மாமனார் சரிகை வேட்டியோடு வந்து நாற்காலியில் அமர்ந்தார்.

"நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க மாமா" என்று சொல்லி, தணிகாசலம் லென்ஸின் மூடியைத் திறந்தார்.

வேடிக்கை பார்க்க எட்டிய பல்லி, பிடி நழுவி மாமனாரின் வழுக்கைத் தலையில் விழுந்தது. அங்கிருந்து நாற்காலியின் சாய்மானத்தில் தாவி ஒட்டிக்கொண்டது.

"ஐயோ, தலையில பல்லி!" என்று மாமனார் வாசலுக்கு ஓடினார். மூடியைக் கையில் வைத்துக்கொண்டே தணிகாசலமும் பின்னால் ஓடினார்; லென்ஸ் திறந்தே கிடந்தது. பயத்தில் பல்லி வாலைக்கூட அசைக்கவில்லை.

படத்தைக் கழுவியபோது மாமனார் இருந்த இடத்தில் புகைதான் தெரிந்தது. பல்லி மட்டும் விரல் விரலாகத் தெளிவாக விழுந்திருந்தது.

"இதுல நான் எங்கே மாப்பிள்ளே?" என்றார் மாமனார்.

கேமரா வெட்கத்தில் கூனிக் குறுகியது. மேலேயிருந்து பல்லி மெதுவாகக் கேட்டது:

"அண்ணே, எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா?"