எந்தச் சீமை

"தொரைக்கு எந்தச் சீமை? உனக்குத் தெரியுமா?"

சமையல்காரியைப் பார்த்துத்தான் கேட்டார்.

சுரங்கக் கம்பெனி ரைட்டர் நமச்சிவாயம் வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கால்மேல் காகிதத்தை விரித்திருந்தார். கல்லறைக் கல்லில் பொறிக்க வேண்டிய விவரம். துரைக்குக் குடும்பமில்லை. நாலைந்து நாள் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

துரைக்கு, சுரங்கக் கேப்டன் டிரெம்பாத்துக்கு, காது கேட்கும். வாய்தான் போய்விட்டது. வாதம் வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டபோது நாக்கையும் எடுத்துக்கொண்டது.

அவர் கண்கள் அவளைப் பிடித்துக்கொண்டன.

சொல்.

அவளுக்குத் தெரியும். கோலார் தங்கவயலில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

பதினோரு வருஷம் இந்த பங்களாவில் சமைத்தவள். குடித்தால் துரை அரைகுறைத் தமிழில் அதையேதான் சொல்வார். நான் இங்கிலீஷ்காரன் இல்லை. என் சீமை கார்ன்வால். கடலுக்கு அடியில் போய் வெள்ளீயம் வெட்டிய சனம். எங்களுக்குத் தனிப் பாஷை இருந்தது. இங்கிலீஷ்காரன் அதைத் தின்றுவிட்டான். அந்தப் பாஷையில் அவருக்கு மிச்சம் இருந்தது ஒன்றிலிருந்து இருபது வரை மட்டும்தான். அதைத் திரும்பத் திரும்ப எண்ணிவிட்டு அழுவார்.

ஒருமுறை விருந்தில் யாரோ அவரை இங்கிலீஷ்காரர் என்றுவிட்டார்கள். மேஜையைப் புரட்டிப்போட்டார். உடைந்த பீங்கானை அவள்தான் பொறுக்கினாள்.

இந்த வீட்டுக்கு வருமுன்பே ஒருநாள் அவர் அவளைப் பார்த்திருக்கிறார்.

அவருக்கு அது நினைவில்லை.

சுரங்கத்தில் பாறை வெடித்த நாள். வாசலில் எட்டுப் பேரைக் கிடத்தியிருந்தார்கள். "பேரு?" என்றார் அவளிடம். புருஷன் பேரை எந்த வாயால் சொல்வாள்? வேறு யாராவது சொல்லட்டும் என்று சுற்றிலும் பார்த்தாள்.

அவருக்குப் பொறுமையில்லை. பிணத்தின் கையில் கம்பெனி மாட்டியிருந்த காப்பைத் திருப்பி, அதிலிருந்த நம்பரை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

நம்பரோடுதான் புதைத்தார்கள்.

அவள் ஒருநாளும் அவர் சோற்றில் உப்பைக்கூடக் கூட்டிப் போட்டதில்லை. விஷம் சுலபம். அதற்கு அவள் ஆசைப்படவில்லை.

"தெரியுமா, தெரியாதா?" என்றார் ரைட்டர்.

"தெரியாம என்னங்க. இங்கிலீஷ்காரரு."

பேனா நகர்ந்தது.

போர்வைக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்தது. காகிதத்தைத் தேடிக் காற்றில் தடவியது. தொண்டையில் ஏதோ உருண்டது.

அவள் அந்தக் கையை மெல்ல எடுத்து உள்ளே வைத்தாள். போர்த்திவிட்டாள்.

"என்னமோ சொல்ல வராரே."

"தண்ணி கேக்குறாருங்க."

விவரம் சொன்னவர் யார் என்றும் எழுத வேண்டுமாம். கெங்கம்மாள் என்றாள்.

"புருஷன் பேரு?"

அவள் துரையின் காதோரம் குனிந்தாள்.

"மாசிலாமணி."

ரைட்டருக்கும் நன்றாகவே கேட்டது. அவர் நிமிர்ந்து அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, அதையும் எழுதிக்கொண்டு போனார்.

அவள் ஸ்பூனில் தண்ணீர் எடுத்தாள். உதட்டருகே கொண்டுபோனாள்.

துரை வாயைத் திறக்கவில்லை.

அவள் ஸ்பூனைப் பிடித்தபடியே நின்றாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.